காதில் மாட்டிய பின்

இரண்டாம் உலகப் போரின் கடைசி ஆண்டுகளில், அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து பட்லர் நகரில் இருந்த டெஷான் ராணுவ மருத்துவமனைக்குக் காது கெட்ட சிப்பாய்கள் ஆயிரக்கணக்கில் வந்து சேர்ந்தார்கள். பீரங்கிச் சத்தத்தாலும் குண்டுவெடிப்பாலும் கேட்கும் திறனை இழந்தவர்கள், பலர் இளைஞர்கள். அவர்களுக்கான ஒலியியல் பிரிவை அங்கே நடத்தியவர் ரேமண்ட் கார்ஹார்ட். நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் பேச்சுத்துறை ஆசிரியராக இருந்து போருக்காகச் சீருடை அணிந்தவர். அங்கே ஒரு சிப்பாய்க்கு ஒதுக்கிய காலம் ஏறத்தாழ எட்டு வாரம். காது கேட்கும் கருவிகள் பலவற்றை ஒவ்வொன்றாக மாட்டிப் பார்ப்பார்கள். ஓசை அடக்கிய அறையில் சொற்களைச் சொல்லி எத்தனை புரிகிறது என்று குறிப்பார்கள்; இரைச்சலுக்கு நடுவே எத்தனை புரிகிறது, எவ்வளவு உரத்த ஒலியைத் தாங்க முடிகிறது என்பதும் கணக்கில் ஏறும். கூடவே உதட்டசைவைப் படிக்கும் வகுப்பு, ஒலிகளைப் பிரித்தறியும் பயிற்சி, தன் பேச்சு குழறிப்போகாமல் காக்கும் பயிற்சி. கருவியைத் தேர்ந்தெடுப்பது அந்த எட்டு வாரத்தில் ஒரு பகுதி மட்டுமே. செவியியல் என்ற துறை உருவானதே போர்க்காலத்தின் இத்தகைய மையங்களில்தான். போர் முடிந்ததும் கார்ஹார்ட் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பி அதற்கு ஒரு படிப்பையே தொடங்கினார். ஆகவே, புதுக் கருவி வாங்கியவருக்குப் பிறகு கிடைக்கிற கவனிப்பை, விற்பவர் மனமிருந்தால் செய்து தரும் சலுகை என்று நினைப்பது வரலாற்றுக்குப் பொருந்தாது. ஆரம்பத்தில் அதுதான் வைத்தியமே. எண்பது ஆண்டுகளில் அது எப்படித் தேய்ந்தது என்று பார்த்தால் ஒன்று புலப்படுகிறது: இடையில் வந்த பெரிய சீர்திருத்தங்கள் பெரும்பாலும் கருவி கைமாறும் நாளோடு நின்றுவிட்டன. அதற்கடுத்த சந்திப்புக்கு யார் பொறுப்பு, யார் பணம் என்ற கேள்வியை எடுத்தவர்கள் மிகச் சிலரே.

எட்டு வாரம் எதற்கு? மூக்குக்கண்ணாடி போட்ட அன்றே எழுத்து தெரிகிறது; காதுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. உட்செவியின் மயிர்ச்செல்கள் பழுதானவருக்கு மெல்லிய ஒலி கேட்காது, ஆனால் உரத்த ஒலி மற்றவர்களுக்கு உறைக்கும் அளவுக்கே உறைக்கும். கேட்கத் தொடங்கும் அளவுக்கும் தாங்க முடியாத அளவுக்கும் நடுவே உள்ள தூரம் குறுகிவிடுகிறது. உலகத்து ஓசை முழுவதையும் அந்தக் குறுகிய இடத்துக்குள் கருவி அடக்கியாக வேண்டும். எத்தனையோ ஆண்டுகளாகக் காதில் விழாமலிருந்த ஃப்ரிட்ஜின் முனகலும், செய்தித்தாள் மடிக்கும் சரசரப்பும், தட்டில் கரண்டி படும் ஓசையும் ஒரே நாளில் திரும்பி வருகின்றன. எதைப் பொருட்படுத்த வேண்டும், எதை விட்டுவிட வேண்டும் என்று மூளை மறுபடி பழக வேண்டியிருக்கிறது. காதின் வடிவத்துக்கு வார்த்து, கருவியைக் காதுக்குள் பொருத்தும் அச்சு காதை அடைத்திருப்பதால் தன் குரலே தடித்து முழங்குகிறது. இவை போதாதென்று சில்லறைத் தொல்லைகள் வேறு: அச்சின் ஓரம் உரசிக் காது புண்ணாகும், டியூபுக்குள் ஈரம் கோத்து ஒரு சொட்டு நீர் நின்றால் ஒலியே வராது, குறும்பி ஏறி ஓட்டை அடைபடும், அச்சு சரியாகப் பொருந்தாவிட்டால் தாடை அசையும்போதெல்லாம் விசில் அடிக்கும், விரல் நடுங்கும் எழுபது வயதுக்காரருக்குப் பொத்தான் அளவு பேட்டரியை மாற்றுவதே பெரும்பாடு. இவற்றில் பெரும்பாலானவை விஷயம் தெரிந்தவர் கையில் பத்து நிமிட வேலை. தெரிந்தவர் இல்லாத இடத்தில் இவற்றில் ஒன்று போதும், கருவி மேசை இழுப்பறைக்குள் போய்விடும்.

இத்தகைய நீண்ட கவனிப்புக்கு முதல் ஆட்சேபம் விஞ்ஞானத்திலிருந்தே வந்தது. 1947இல் ஹாலோவெல் டேவிஸும் ஹார்வர்டில் அவருடன் வேலை செய்தவர்களும் கருவிகளின் வடிவமைப்பு பற்றி ஓர் ஆய்வு நூலை வெளியிட்டார்கள். அதே ஆண்டில் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழுவும் தன் அறிக்கையை வெளியிட்டது. இரண்டும் சொன்னது ஏறக்குறைய ஒன்றே: தாழ்ந்த சுருதியிலிருந்து உயர்ந்த சுருதி வரை சமமாகவோ, மேலே போகப்போகச் சற்றுக் கூடுதலாகவோ ஒலியைப் பெருக்கும் ஒரே மாதிரிக் கருவி பெரும்பாலோருக்குப் போதும், ஆளுக்கு ஆள் தனித்தனியாகப் பொருத்தத் தேவையில்லை. அன்றைய வால்வுக் கருவிகளைப் பொறுத்தவரை இதில் நியாயம் இருந்தது. ஆனால் அந்த ஆய்வுகள் கேட்டது எந்த வகைப் பெருக்கம் நல்லது என்ற கேள்வியை. மாட்டிய பிறகு மனிதர் பழகிக்கொள்ள உதவி வேண்டுமா என்பது வேறு கேள்வி. அதற்கு அவை பதில் சொல்ல முற்படவில்லை. முதல் கேள்வியின் விடையை இரண்டாவதற்கும் சேர்த்து எடுத்துக்கொண்டது பின்னால் வந்த நிர்வாகங்களின் வசதி.

செவியியலாளர்களும் இதில் குற்றமற்றவர்கள் அல்லர் என்றே சொல்ல வேண்டும். டெஷானின் எட்டு வாரத்திலிருந்து சாதாரண கிளினிக்குகள் எடுத்துக்கொண்டது ஒரே ஒரு பகுதியை: சில கருவிகளை அடுத்தடுத்து மாட்டி, சொற்பட்டியல் வாசித்து, அதிக மதிப்பெண் வந்ததைச் சிபாரிசு செய்வது. ஒரு காலைப்பொழுதில் முடியும் வேலை, எண்கள் கிடைக்கும், அறிக்கை எழுதலாம். உதட்டுப் படிப்பும் கேட்கும் பயிற்சியும் மெல்லக் கழன்றன. வேடிக்கை என்னவென்றால் 1960இல் ஷோர், பில்ஜர், ஹிர்ஷ் என்ற மூவர் அந்தத் தேர்வு முறையையே சோதித்துப் பார்த்தார்கள். வேறொரு நாளில் திரும்பச் செய்தால் மதிப்பெண்கள் மாறின. கருவிக்கும் கருவிக்கும் உள்ள வித்தியாசத்தை நம்பிக்கையோடு காட்ட அந்த முறையால் முடியவில்லை. ஆக, நிலைத்தது நம்பகம் குறைந்த பகுதி.

அமெரிக்காவில் சோதனைக்கும் பின்கவனிப்புக்கும் இடையே விழுந்த இந்தப் பிளவு விதியாகவே ஆகிவிட்டது. அமெரிக்கப் பேச்சு–செவியியல் சங்கத்தின் ஒழுக்க விதிகள், உறுப்பினர் லாபத்துக்குக் கருவி விற்பதைத் தடை செய்திருந்தன. எண்ணம் நல்லதுதான்: சோதிப்பவருக்கு விற்பனையில் ஆதாயம் இருக்கக் கூடாது. விளைவோ, சோதித்தவர் ஒருவர், விற்றவர் இன்னொருவர் என்றாகி, மாட்டிய பிறகு வரும் சிக்கல் இருவருக்கும் நடுவே விழுந்தது. 1965இல் முதியோருக்கான மெடிகேர் காப்பீடு வந்தபோது, காது கேட்கும் கருவியும் அதற்கான பரிசோதனையும் சட்டத்திலேயே விலக்கி வைக்கப்பட்டன. எனவே கருவியின் விலைக்குள்ளேயே எல்லாக் கவனிப்புக்குமான கூலியும் அடக்கம் என்ற வழக்கம் ஊன்றியது. அந்த ஏற்பாட்டின் கணக்கைக் கொஞ்சம் யோசித்தால் கோளாறு விளங்கும். விற்ற அன்றே முழுப் பணமும் வந்துவிடுகிறது. அதன் பிறகு வாடிக்கையாளர் படியேறும் ஒவ்வொரு முறையும் விற்றவருக்குச் செலவு. வராதவரே லாபமான வாடிக்கையாளர். நாணயமான கடைக்காரர்கள் இதை மீறி உழைத்தார்கள் என்பது உண்மை. ஆனால் நாணயத்தை நம்பி ஒரு துறையை நடத்துவது வேறு, நாணயத்துக்குக் கூலி கொடுப்பது வேறு.

வீடுவீடாகப் போய்க் கருவி விற்ற முகவர்களுக்கு அந்தக் காலத்தில் கெட்ட பெயர். 1968இல் செனட்டின் முதியோர் குழு இது பற்றி விசாரணை நடத்தியது. 1973இல் நுகர்வோர் உரிமைக்காகப் போராடிய ரால்ஃப் நாடரைச் சார்ந்த ஓய்வுபெற்ற வல்லுநர்களின் குழு ஒன்று காரமான அறிக்கை வெளியிட்டது. தேவையில்லாதவருக்கும் விற்றார்கள், விலையை ஏற்றினார்கள் என்ற புகார்களுக்கு ஆதாரம் இருந்தது. ஆனாலும் அந்த முகவரின் இன்னொரு முகத்தையும் பதிவு செய்வது நியாயம். வால்வுக் கருவிகள் பேட்டரியை விழுங்கின. பேட்டரி விற்பவரும் அவரே. அந்தச் சாக்கில் வீட்டுக்கு வருபவர் கம்பியைப் பார்ப்பார், அச்சைத் துடைப்பார், எப்படிக் கேட்கிறது என்று விசாரிப்பார். 1952இன் இறுதியில் டிரான்சிஸ்டர் கருவிகள் வரத் தொடங்கியதும் பேட்டரிச் செலவு சரிந்தது. வாங்கியவருக்கு அது பெரும் நிம்மதி. அதே வேகத்தில் முகவர் திரும்பி வருவதற்கான காரணமும் குறைந்தது என்பது என் கணிப்பு.

புகார்களுக்கு அரசு தந்த விடை 1977இன் விதிகள். உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இட்ட அந்த விதிகளின்படி, கருவி விற்கும் முன் ஆறு மாதத்துக்குள் மருத்துவர் காதைப் பரிசோதித்திருக்க வேண்டும் என்றிருந்தது. பதினெட்டு வயது நிரம்பியவர் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் விலக்கு இருந்தது. கருவியோடு ஒரு விளக்கப் புத்தகமும் தர வேண்டியிருந்தது. கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 1975இல் முப்பது நாளுக்குள் வாங்கியதை ரத்து செய்யும் உரிமையை முன்மொழிந்தது. பத்தாண்டு இழுபறிக்குப் பின் 1985இல் அதைக் கைவிட்டது. பேச்சு–செவியியல் சங்கத்தின் விற்பனைத் தடை 1978இல் எடுக்கப்பட்டது. செவியியலாளரும் விற்பனையாளர் ஆனார். இவற்றில் ஒன்றுகூட, மாட்டியவரை மறுபடி பார்க்க வேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. திருப்பித் தரும் உரிமை இருந்தால் போதாதா, பிடிக்காதவர் திருப்பிவிடுவாரே என்று கேட்கலாம். மோசடியைத் தடுக்க அது நல்ல கருவி. ஆனால் அச்சு உரசிப் புண்ணானவருக்கும், இரைச்சல் தாங்காமல் மூன்றாம் வாரம் கழற்றி வைத்தவருக்கும் அது காட்டும் வழி ஒன்றே: பணத்தை வாங்கிக்கொண்டு பழையபடி கேட்காமல் இரு. சரிசெய்தால் தீரக்கூடிய குறையைத் திருப்பித் தருவதற்கான காரணமாக மாற்றிவிடுகிறது அது.

பிரிட்டன் போன பாதை வேறு. 1948 ஜூலையில் தேசிய சுகாதார சேவை தொடங்கியபோதே, மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் பெயரால் மெட்ரெஸ்கோ என்று அழைக்கப்பட்ட கருவி இலவசமாக வழங்கப்பட்டது. வடிவமைப்பில் தபால் துறையின் டாலிஸ் ஹில் ஆராய்ச்சி நிலையத்துக்குப் பங்கு உண்டு. நெஞ்சில் அணியும் பெட்டி, காதுக்கு ஏறும் கம்பி, தனியே சுமக்க வேண்டிய பேட்டரி. சட்டைத் துணி ஒலிவாங்கியில் உரசினால் அந்தச் சரசரப்பே பேச்சை மூழ்கடிக்கும். ஆனாலும் கூட்டம் நெரிந்தது, காத்திருப்போர் பட்டியல் நீண்டது. 1951இல் பல்செட்டுக்கும் கண்ணாடிக்கும் கட்டணம் விதித்த அரசு இதைத் தொடவில்லை. அந்த அமைப்பு செய்த உருப்படியான காரியம் ஒன்று உண்டு: பழுப்பு அட்டை போட்ட ஒரு சிறு புத்தகம். கருவி பெற்றவர் அதைக் கொண்டுபோய்க் காட்டினால் புது பேட்டரி கிடைக்கும், பழுது பார்க்கப்படும். நோயாளியை மறுபடி மருத்துவமனைக்கு இழுக்கும் ஒரு நூல் அதில் இருந்தது. ஆனால் அந்த நூலின் மறுமுனையில் இருந்தது பெரும்பாலும் சாதனத்தைப் பார்க்கும் பணியாளர்தான். மாட்டியவருக்கு எப்படி இருக்கிறது என்று கேட்கும் நேரம் அந்தக் கூட்டத்தில் யாருக்கும் இல்லை.

அதைக் கேட்டுப் பார்த்தவர்களில் ஒருவர் மான்செஸ்டரின் விதிங்டன் மருத்துவமனையில் பணியாற்றிய டெனிஸ் புரூக்ஸ். ஆலோசனை கொடுத்தால் கருவியின் பயன்பாடு மாறுகிறதா என்று 1970களில் ஆராய்ந்து, ஆலோசனை பெற்றவர்கள் கருவியைக் கூடுதலாக அணிகிறார்கள் என்று எழுதினார். அந்தப் பத்தாண்டின் இறுதியில் ‘ஹியரிங் தெரபிஸ்ட்’ என்ற புதிய பணியும் பிரிட்டனில் உருவானது. பழகுவதில் திணறுபவர்களுக்கு உதவுவதே அவர்கள் வேலை. ஆனால் எண்ணிக்கையில் அவர்கள் எப்போதும் சொற்பம். உருப்படியான மாற்றம் 2000க்கும் 2005க்கும் இடையில் இங்கிலாந்தில் வந்தது. டிஜிட்டல் கருவிகளை அரசுச் சேவைக்குள் கொண்டுவந்த நவீனமயமாக்கல் திட்டம், கருவியோடு நிற்காமல் மாட்டிய காதுக்குள்ளேயே ஒலியை அளந்து பார்ப்பதையும், சில வாரம் கழித்து மறுபடி சந்திப்பதையும் நடைமுறையாக்கியது. அந்தச் சந்திப்பில் ஸ்டூவர்ட் கேட்ஹவுஸ் 1999இல் வெளியிட்ட கிளாஸ்கோ கேள்விப் பட்டியலையும் பயன்படுத்தினார்கள். டி.வி. பார்க்கும்போது எப்படி, அமைதியான அறையில் ஒருவரோடு பேசும்போது எப்படி, கூட்டத்தில் எப்படி என்று கேட்டுவிட்டு, இவை தவிர உங்களுக்கு முக்கியமான சந்தர்ப்பம் எது என்றும் கேட்கிறது அது. என் பார்வையில் அந்தக் கடைசிக் கேள்விதான் அதன் உயிர். ஒருவருக்குத் தேவாலயத்தில் பிரசங்கம், இன்னொருவருக்குப் பேரனின் தொலைபேசி. எந்தச் செவித்திறன் வரைபடத்திலும் அது பதிவாகாது.

இப்படிப்பட்ட பின்கவனிப்புக்கு எதிராக எழும் இரண்டு ஆட்சேபங்கள் வலுவானவை. ஒன்று, பணம். வரிசையில் கருவிக்காகக் காத்திருப்பவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கையில், ஏற்கெனவே பெற்றவருக்கு இன்னொரு மணி நேரம் ஒதுக்குவது நியாயமா? கருவி வழங்கிய எண்ணிக்கையை மட்டும் வெற்றியாகக் கொண்டால் நியாயமில்லைதான். ஆனால் அணியாத கருவிக்காக வாங்கிய பொருள், சோதனை, அச்சு, பொருத்திய நேரம் அத்தனையும் வீண். அந்த மணி நேரத்தை மிச்சம் பிடிப்பது முழுச் செலவையும் பணயம் வைத்துத்தான். இரண்டாவது ஆட்சேபம் இன்னும் கூர்மையானது: பின்கவனிப்பு பலன் தருகிறது என்பதற்கான சான்று அத்தனை உறுதியானதா? மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்புக்காக பார்க்கரும் மற்றவர்களும் 2014இல் செய்து 2016இல் புதுப்பித்த மதிப்பாய்வு, முப்பதுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் திரட்டிவிட்டு, சான்றின் தரம் தாழ்வு என்றே சொன்னது. சுயமாகச் சமாளிக்கக் கற்றுத்தரும் உதவிகளால் சிறு பயன்கள் தெரிந்தன. அணியும் நேரம் கூடியதாக நிரூபணம் இல்லை. இதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை குறுகிய காலத்தவை, வகுப்பு, கையேடு, பயிற்சி போன்ற கூடுதல் உதவிகளைச் சோதித்தவை. கூடுதல் வகுப்பு பெரிதாக உதவவில்லை என்பதும், டியூப் அடைத்துக்கொண்டவருக்கு அதை மாற்றிக் கொடுக்க ஆள் வேண்டாம் என்பதும் ஒன்றல்ல. சான்று சொல்வது, கொடுக்கும் உதவியைப் பார்த்துத் தேர்ந்தெடு என்று. உலக சுகாதார நிறுவனம் 2001இல் வளரும் நாடுகளுக்காக வெளியிட்ட வழிகாட்டுதல்களிலும் கருவியோடு அச்சு, பேட்டரி, பழுதுபார்த்தல், தொடர்ந்து பார்த்தல் ஆகியவை ஒன்றாகவே எண்ணப்பட்டன. முகாம் போட்டுக் கருவி வழங்கிப் படம் எடுத்துக்கொள்ளும் நம் ஊர் விழாக்களை நடத்துவோர் அதை ஒருமுறை புரட்டலாம்.

கடைசியாக வந்திருக்கும் வாதம், இனி இடையில் ஆளே வேண்டாம் என்பது. இதுவும் பழைய வாதத்தின் புது உருவம்தான். 1943இல் ஜெனித் ரேடியோ நிறுவனம் மற்றவர்கள் விலையில் ஒரு சிறு பங்குக்கு, 40 டாலருக்குத் தன் ரேடியானிக் கருவியைக் கொண்டுவந்தது; ஒலியின் தன்மையை மாட்டுபவரே திருகி வைத்துக்கொள்ளலாம் என்பதுதான் அதன் பெருமை. 2017இல் அமெரிக்கக் காங்கிரஸ் சட்டம் இயற்றி, 2022 அக்டோபரில் விதிகள் நடைமுறைக்கு வந்தபின், மிதமான குறை வரை உள்ள பெரியவர்கள் மருந்துக் கடையிலேயே கருவி வாங்கிக்கொள்ளலாம். மெடிகேர் கைகழுவியதைச் சந்தை ஓரளவாவது ஈடுசெய்யட்டும் என்ற எண்ணத்தில் தவறில்லை. பல ஆயிரம் டாலர் தர இயலாமல் கேட்காமலே இருந்தவர்களுக்கு இது கதவைத் திறந்திருக்கிறது. இந்தியானா பல்கலைக்கழகத்தில் லாரி ஹியூம்ஸும் குழுவினரும் 2017இல் வெளியிட்ட சோதனை இரு பக்கத்துக்கும் செய்தி வைத்திருக்கிறது. ஒரே கருவியைச் செவியியலாளர் பொருத்தியவர்களும், தாமே தேர்ந்தெடுத்துக்கொண்டவர்களும், ஒலியைப் பெருக்காத போலி அமைப்பு பெற்றவர்களும் ஒப்பிடப்பட்டார்கள். கேட்பதில் கிடைத்த பயன் முதல் இரு குழுவுக்கும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருந்தது. ஆனால் கருவியை வைத்துக்கொள்ள விரும்பியவர்கள் செவியியலாளரிடம் சென்றவர்களில் 81 சதவீதம், தாமே தேர்ந்தவர்களில் 55 சதவீதம். அந்த இரண்டாம் குழுவினருக்குப் பிறகு செவியியலாளரின் உதவியும் கொடுத்துப் பார்த்தபோது திருப்தி கூடியது.

தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் டி சூசா உள்ளிட்டோர் 64 பேரை வைத்து நடத்தி 2023இல் வெளியிட்ட சோதனையோ, செயலி வழியாகத் தாமே பொருத்திக்கொண்டவர்களும் ஆறு வாரத்தில் செவியியலாளர் பொருத்தியவர்களுக்கு நிகராக இருந்தார்கள் என்று கண்டது. கடை விற்பனையை ஆதரிப்பவர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டுவது இதைத்தான். அதன் நடைமுறைப் பகுதியை வாசிக்க வேண்டும்: முதல் இரண்டு வாரத்துக்குப் பின், தாமே பொருத்திக்கொண்டவர்களுக்குத் தொலைவிலிருந்து உதவியும் சரிசெய்தலும் தரப்பட்டன. பொருத்துவதில் ஆள் இல்லாமல் போயிருக்கலாம். பின்கவனிப்பில் ஆள் இருந்தார். நேரில்தான் பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கும் தொழில்காரர்களும் இதிலிருந்து கற்க இடமிருக்கிறது. அமெரிக்க தேசிய அகாடமிகளின் 2016ஆம் ஆண்டு அறிக்கை, கருவிக்கு இவ்வளவு, கவனிப்புக்கு இவ்வளவு என்று விலையைப் பிரித்துக் காட்டச் சொன்னது. பிரித்துக் காட்டினால் மக்கள் கவனிப்பு வரியை அடித்துவிட்டுக் கருவியை மட்டும் வாங்குவார்கள் என்று கடைக்காரர்கள் அஞ்சுகிறார்கள். சிலர் அப்படிச் செய்யவும் கூடும். ஆனால் தனி வரியாக இருக்கும்போதுதான் ஒரு காப்பீட்டு நிறுவனமோ அரசோ அதற்கென்று பணம் கொடுக்க முடியும், கொடுத்த பணத்துக்கு வேலை நடந்ததா என்று கேட்கவும் முடியும். 2022இன் விதிகள் அந்தத் தூரம் போகவில்லை. திருப்பி வாங்கும் நிபந்தனையைப் பெட்டியின் வெளிப்புறத்தில் அச்சிட வேண்டும், திருப்பி வாங்குவதில்லை என்றால் அதையும் அச்சிட வேண்டும் என்று மட்டும் அவை சொல்கின்றன. எத்தனை நாள் அவகாசம் என்பது நிறுவனத்தின் விருப்பம். வாங்கியவர் மூன்றாம் வாரம் யாரை அழைப்பது என்பதும் அப்படியே.